காரும் கட்டுரைக் கொப்பிகளும்

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரை தருமாறு மலராசிரியர் பணித்தார். கம்பனை விடுத்து என் காரைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு, இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரே காரணர்.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இழுக்கும் கலப்பின வண்டி அது. யப்பானில் ஓடிக் களைத்தபின் இலங்கைக்கு வந்தது. சென்ற பங்குனியில் அதற்குக் காய்ச்சல் கண்டது. காலையில் ஒரு குறையும் இராது. மாலையில் வீடு திரும்புகையிலோ எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குன்றும், பின்னிருக்கையருகே விசிறியொன்று இரையும்.

சூடேறினால் தண்ணீரைப் பார் என்பது நாம் கற்ற பாடம். றேடியேற்றரில் நீர் குறையவில்லை. இன்வேட்டருக்கெனத் தனியேயுள்ள தொட்டியும் நிறைந்தேயிருந்தது. கராச் ஒன்றில், வண்டியைத் திறந்தும் பாராமலே, "பற்றறி முடிஞ்சுது மாஸ்ரர், புதிசு போடவேணும்" என்றனர். அவர்கள் சொன்ன விலை, மகள் கொழும்பில் தங்கிப் படிப்பதற்கென ஒதுக்கிய பணம் முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டு இரவு உறக்கமில்லை. மகளிடம் சொல்லவுமில்லை.

மூன்றாம் நாள் அப்பழைய மாணவரின் கராச்சுக்குச் சென்றேன். ஒற்று மிகவேண்டிய இடமெல்லாம் விட்டெழுதி என்னை வாட்டியவர் அவர். கருவியைப் பூட்டிப் பார்த்தார். இயந்திரத்தின் சூடு முறையாகவே இருந்தது. பற்றறியின் சூடோ 52 பாகை. கலங்களின் மின்னழுத்தத்தில் பெரிய வேறுபாடில்லை. "பற்றறி சாகேல்லை சேர், மூச்சு முட்டுது" என்றார்.

இவ்வகைப் பற்றறியைக் குளிர்விப்பது நீரன்று, காற்றே. நாம் அமரும் அறையின் காற்றைப் பின்னிருக்கைப் பக்கத்துச் சிறு சாளரம் வழியே விசிறி உறிஞ்சிக் கலங்களிடையே செலுத்தும். அவ்வழி அடைபட்டால் சூடேறும். சூடேறினால், கேடு நேராதபடி கணினி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.

பின்கதவைத் திறந்தார். சாளரத்தை மறைத்தபடி பத்தாந் தரத்தின் கட்டுரைக் கொப்பிகள்! அக்கட்டை நாள்தோறும் அவ்விடத்திற் சாய்த்துவைப்பவன் நானே. காலையின் குளிர்காற்று குற்றத்தை மறைத்தது. பகலெல்லாம் மைதானத்து வெயிலில் நின்ற வண்டியின் அனற்காற்று அதனை வெளிப்படுத்தியது.

உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் செருகியைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தார். செம்மஞ்சள் வயரைத் தொடவேண்டாமென்று, நான் முன்னர் அவரை அதட்டிய அதே குரலில் என்னை அதட்டினார். விசிறியின் இதழ்களில் தூசி பஞ்சாய்ப் படிந்திருந்தது. எங்கள் நாயின் மயிரும் அதிற் கலந்திருந்தது. தூரிகையால் துடைத்து, வடியையும் துப்புரவாக்கிப் பூட்டினார். இரண்டு மணி நேர வேலை; பெற்றுக்கொண்டதோ சிறு கூலி.

விளக்கு பின்னர் எரியவில்லை. கொப்பிகள் இப்போது முன்னிருக்கையில் என்னருகே வருகின்றன. வார் கட்டாவிடில் வண்டி ஓயாது கூவுகிறது. ஆதலின் அவற்றுக்கும் கட்டுகிறேன்.