குண்டு வைத்தவரும் இறந்தவரின் மகளும்

1984 அக்டோபர் 12, விடிவதற்கு முன். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கட்சி மாநாட்டுக்காகப் பிரதமர் மார்கரெட் தாட்சர் தங்கியிருந்த ஹோட்டலில் குண்டு வெடித்தது. தாட்சர் தப்பிவிட்டார். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எம்.பி.யான சர் ஆண்டனி பெர்ரி. குண்டு வைத்தவர் ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் பேட்ரிக் மாகீ. எட்டு ஆயுள் தண்டனை. குறைந்தது 35 வருடமாவது உள்ளே இருக்க வேண்டும் என்றார் நீதிபதி.

ஆனால் 14 வருடத்திலேயே, 1999-ல், மாகீ வெளியே வந்துவிட்டார். தப்பி ஓடவில்லை. அரசாங்கமே கதவைத் திறந்து அனுப்பியது.

காரணம், 1998 ஏப்ரல் 10-ல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டுமா, அயர்லாந்தோடு சேர வேண்டுமா என்ற சண்டை முப்பது வருடம் நடந்து 3,500-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டிருந்தது. ராணுவத்தை இறக்கிப் பார்த்தார்கள். 1971-ல் விசாரணையே இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைத்தும் பார்த்தார்கள், ஐ.ஆர்.ஏ.வுக்குப் புது ஆட்கள் சேர்ந்ததுதான் மிச்சம். ராணுவத்தால் ஐ.ஆர்.ஏ.வை ஒழிக்க முடியவில்லை, ஐ.ஆர்.ஏ.வால் ராணுவத்தை விரட்டவும் முடியவில்லை. இது இரண்டு பக்கமும் உறைத்த பிறகுதான் பேச்சுவார்த்தை சூடு பிடித்தது.

ஒப்பந்தத்தில் மிகவும் கசப்பான பகுதி கைதிகள் விடுதலை. போர்நிறுத்தத்தை மதிக்கும் இயக்கங்களின் கைதிகளை இரண்டு வருடத்துக்குள் விட்டுவிட வேண்டும். இரு தரப்பிலுமாக நானூறுக்கும் அதிகமானவர்கள் வெளியே வந்தார்கள். இது அநியாயம்தான், பூசி மெழுக வேண்டியதில்லை. சமாதானத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்ட தலைவர்கள் இல்லை. அப்பாவை, பிள்ளையை இழந்த குடும்பங்கள். அப்படியும் 1998 மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்து மக்களில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள். மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 15 அன்று, ஒப்பந்தத்தை ஏற்காமல் பிரிந்துபோன ஒரு குழு ஓமா நகரில் வைத்த குண்டுக்கு 29 பேர் பலி. அப்போதும் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடவில்லை.

2000 நவம்பரில் பெர்ரியின் மகள் ஜோ, மாகீயை நேரில் சந்தித்தார். முதலில் மாகீ தன் தரப்பு அரசியல் நியாயத்தையே பேசினார். பிறகு அது நின்றது. உங்கள் கோபத்தையும் வேதனையையும் கேட்க விரும்புகிறேன் என்றார். அதற்குப் பிறகு நூறு மேடைகளுக்கு மேல் சேர்ந்தே பேசிவிட்டார்கள். இத்தனைக்கும் ஆயுதப் போராட்டமே தவறு என்று மாகீ சொல்லவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை ஜோவும் தயங்கித்தான் பயன்படுத்துகிறார்.

அதே குண்டில் அமைச்சர் நார்மன் டெபிட்டின் மனைவிக்குக் கை கால் முடங்கிப் போனது. 2020-ல் இறக்கும் வரை சக்கர நாற்காலிதான். டெபிட் மாகீயை மன்னிக்க மறுத்துவிட்டார். மன்னித்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தமும் அவரைக் கேட்கவில்லை. அது நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஜோவுக்கும் அதில் இடம் இருந்தது, டெபிட்டுக்கும் இருந்தது.

பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் தெருவையும் புராட்டஸ்டண்ட் தெருவையும் பிரிக்கும் உயரமான சுவர்கள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் சில கதவுகளைப் பகலில் திறந்து வைக்கிறார்கள், ராத்திரி பூட்டிவிடுகிறார்கள்.