சனி தரும் அமைதி

சனி என்றாலே நமக்கு அடிவயிறு கலங்கும். ஏழரையா, அஷ்டமமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவோம். எள் தீபம் ஏற்றுவோம். லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்த குஸ்தாவ் ஹோல்ஸ்ட், அதே சனிக்கு இசை அமைத்து, ‘முதுமையைக் கொண்டுவருபவர்’ என்று பெயரும் வைத்தார். ‘கோள்கள்’ என்ற அவருடைய ஏழு பகுதிப் படைப்பில் இது ஐந்தாவது. கேட்டவர்கள் செவ்வாயின் போர் முழக்கத்திலும் வியாழனின் குதூகலத்திலும் மயங்கினார்கள். ஹோல்ஸ்டின் மனம் ஒன்றியது சனியோடுதான்.

‘கோள்கள்’ முழுவதையும் 1914இல் தொடங்கி 1917இல் முடித்தார். வாரம் முழுக்க வகுப்புகள். எழுத வாய்த்தவை வார இறுதிகளும் விடுமுறைகளுமே. வலது கையில் ஓயாத நரம்பு வலி. அதனால் பல்லியக் குழுவுக்கான பெரிய பிரதியை உருவாக்க, அவர் சொல்லச் சொல்ல உடனிருந்த பெண்கள் எழுதினார்கள். சம்ஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களை மொழிபெயர்த்து இசையமைத்தவர் அவர். ஜோதிடத்திலும் ஈடுபாடு உண்டு.

சனியின் தொடக்கத்தில் புல்லாங்குழல்களும் ஹார்ப்புகளும் மாறி மாறி ஒலிக்கின்றன, தளர்ந்த நடைபோல. அடியிலிருந்து கனத்த தந்திகள் ஒரு மெட்டை எழுப்புகின்றன. பிறகு டிராம்போன்களின் ஊர்வலம். அது நெருங்கி நெருங்கி வந்து, மணிகள் கணகணவென்று அலறும் இடத்தில் நெஞ்சு படபடக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு அந்த மணி தெரியும். கூடப் படித்தவன் போய்விட்டான் என்று இரவில் வரும் தொலைபேசி அது. அறிக்கையைப் பார்த்துவிட்டு மருத்துவர் பேசாமலிருக்கும் கணமும் அதுதான்.

அங்கே அந்த மணிகளை உலோகச் சுத்தியலால் அடிக்கச் சொல்கிறார் ஹோல்ஸ்ட். முடிவில் அதே மணிகளை மெல்லிய கம்பளிச் சுத்தியலால் தொடச் சொல்கிறார். மணி மாறவில்லை. பயம் அடங்கிய பின் அதே ஓசை இதமாகிறது. முதுமையைப் பற்றி நான் படித்த எந்த உபதேசமும் எனக்கு இவ்வளவு உண்மையாகப் பட்டதில்லை. இதை எழுதியபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது என்பது இன்னும் வியப்பு.

‘கோள்கள்’ படைப்பின் முதல் அரங்கேற்றம் 1918 செப்டம்பர் 29 அன்று, உலகப் போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, லண்டன் குவீன்ஸ் ஹாலில், அழைக்கப்பட்டவர்களுக்காக மட்டும் நடந்தது. ஏட்ரியன் போல்ட் பல்லியக் குழுவை நடத்தினார். ஹோல்ஸ்ட் 1934இல், 59 வயதில் காலமானார். தான் இசைத்த முதுமையை அவர் முழுதாக வாழவில்லை.

நமக்கு அது வாய்த்திருக்கிறது. ஒன்பது நிமிடம் ஒதுக்கிச் சனியைக் கேட்டுப் பாருங்கள். மணிகள் அலறும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.