கீழே போடப்போகும் வண்டி

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. புது வண்டி எடுப்பவர்கள் ஆவணிக்குக் காத்திருப்பார்கள். பழைய வண்டி விற்பவர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். கோயம்புத்தூரில் பேரம் பேச இதைவிட நல்ல மாதம் கிடையாது. இத்தனை நாள் ஸ்கூட்டரிலேயே காலம் தள்ளியவள், முதல் பைக்காக ஒரு அட்வெஞ்சர் டூரிங் வண்டியை, அதுவும் செகண்ட் ஹேண்டில் தேடுகிறேன் என்றதும் வீட்டில் ஒரே கேள்வி: எடுக்கிறதை ஏன் புதுசாகவே எடுக்கக் கூடாது?

முதல் வண்டியை எப்படியும் கீழே போடுவேன். வேகமாகப் போகையில் விழவேண்டும் என்பதில்லை. யு-டர்ன் அடிக்கும்போது, சரளைக்கல்லில் காலூன்றும்போது, தானாகச் சாயும். புது வண்டியில் அந்தக் கீறல் நெஞ்சில் விழும். ஏற்கெனவே யாரோ கீழே போட்ட வண்டியில் அது பத்தோடு பதினொன்று. ஆகவே எந்த வண்டியைப் பார்த்தாலும் மூன்று கேள்விதான்: கால் எட்டுமா, விழுந்தால் தூக்க முடியுமா, உடைந்தது பக்கத்துக் கடையில் கிடைக்குமா.

ஜூலை 23, புதன்

நான் ஐந்தடி மூன்றங்குலம். 2020இல் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சரின் சீட் உயரம் 855 மி.மீ. ஏறி உட்கார்ந்தால் ஒரு காலின் விரல்நுனிதான் தரையைத் தொடுகிறது. 43 குதிரைத்திறன் வேறு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 எடையில் 160 கிலோவுக்குள் அடக்கம், தூக்குவது சுலபம். சீட் 823 மி.மீ. மண்பாதைக்கு அருமை. ஆனால் பின்னால் ஆளும் மூட்டையுமாக வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏற இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411இன் சீட் 800 மி.மீ.தான். 24.5 குதிரைத்திறன் என்பது காகிதத்தில் குறைவு. ஆனால் குறைந்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டு போகும், வளைவில் கிளட்ச்சைச் சரியாக விடாவிட்டாலும் சட்டென்று ஆஃப் ஆகாது. குறை, எடை: பிஎஸ்6 மாடல் 199 கிலோ. 2016இல் கார்பரேட்டருடன் வந்தது, 2017இல் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், 2018இல் ஏபிஎஸ். புதிதாக ஓட்டுபவளுக்கு ஏபிஎஸ் இல்லாமல் சரிவராது. 2018க்கு முந்தைய வண்டிகளை அடித்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பீளமேட்டில் ஒரு 2019 மாடல் ஹிமாலயன். பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. “சிங்கிள் ஓனர்ங்க, இன்ஜின்ல கையே வெச்சதில்லைங்க” என்றார் விற்பவர். நானும் மெக்கானிக் அண்ணனும் போகும்போதே சைலன்ஸர் சூடாக இருந்தது. குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க வழியில்லை. மீட்டர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களோ ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் தேய்ந்திருந்தன. கால்மிதி ரப்பரில் கோடே இல்லை. பின் டயரின் ஓரத்தில் 1423 என்று முத்திரை. அதாவது 2023ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்தது. ஒன்பதாயிரத்துக்குள் டயரும் மாற்றி, ஸ்ப்ராக்கெட்டும் இப்படித் தேயுமா? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஜூலை 30, புதன்

மெக்கானிக் அண்ணன் பட்டறையில் சர்வீசுக்கு வந்திருந்த ஒரு ஹிமாலயன். ஓனரிடம் கேட்டுவிட்டு, தரையில் சாக்குகளை விரித்து அதன்மேல் வண்டியை மெல்லச் சாய்த்தார். “தூக்கு பாக்கலாம், அம்மிணி.”

ஹேண்டிலைப் பிடித்து எதிரே நின்று இழுத்தேன்; அசையவில்லை, இடுப்புதான் சுளுக்கப் பார்த்தது. அப்புறம் அவர் சொன்ன முறை: வண்டியை கியரில் போடு, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பு. வண்டிக்கு முதுகு காட்டி உட்கார். ஒரு கையில் ஹேண்டில் பிடி, இன்னொரு கையில் பின் கேரியர் கம்பி. முதுகை வளைக்காமல், பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக வைத்துக் காலால் தள்ளு. வண்டி எழுந்தது. வலப்பக்கம் விழுந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிடும்.

ஆகஸ்ட் 2, சனி

சுந்தராபுரத்தில் இன்னொன்று, இதுவும் 2019. டாங்கின் இருபுறமும் உள்ள இரும்புச் சட்டத்தில் கீறல், கீழே ஸ்கிட் பிளேட்டில் கல் அடித்த நசுங்கல். எங்கே விழுந்தது என்று கேட்டால் ஓனர் ஊர்ப்பேரோடு சொல்கிறார். அடி வாங்கவேண்டிய இடத்தில் அடி வாங்கியிருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினார் அண்ணன்; நடுவில் ஓரிடத்தில் இடறியது. “கோன் செட் போயிருக்கு.” ஸ்பேனரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டினார், எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. காலையிலிருந்து எடுக்காத வண்டி, முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை.

கியர் வண்டிக்கும் சேர்த்து எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியாயிற்று. பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. இந்த எடை அங்கேதான் கைகொடுத்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மாவுக்கும் நாள் திருப்தி. ஒன்று முப்பது சொன்னவர், கோன் செட்டையும் பழைய டயர்களையும் காட்டியதும் ஒன்று பதினெட்டுக்கு வந்தார். அட்வான்ஸ் கொடுத்தேன். மீதிப் பணம், படிவம் 29, 30இல் கையெழுத்தும், லோன் அடைந்ததற்கான பேங்க் என்ஓசியோடு படிவம் 35உம் கைக்கு வந்த பிறகு. அபராதம் ஏதும் நிலுவையில் இல்லை என்று ஆன்லைனில் பார்த்தாயிற்று. இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் என் பேருக்கு மாற்ற வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும்.

பேரத்தில் மிச்சமான பணத்துக்குப் பட்டியல் போட்டேன்: கோன் செட், இரண்டு டயர், நல்ல ஹெல்மெட். பெட்டி, கூடுதல் விளக்கு எல்லாம் அப்புறம். அண்ணன் பட்டியலை வாங்கிப் பார்த்து மேலே ஒரு வரி சேர்த்தார்: கிளட்ச் லிவர் ஒன்று, பிரேக் லிவர் ஒன்று, சீட்டுக்கு அடியில் வைக்க.