பதினாறு துளைகளும் ஒரு டெஸ்ட் லேம்பும்

என் 2014 மாடல் டீசல் காரில் செக் இன்ஜின் விளக்கு பத்து நாளாக அணையவே இல்லை. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். இரண்டு முறை சுற்றிவிட்டு, இணைப்பு வரவில்லை என்று திரையில் காட்டியது. "ஈசிஎம் போயிருச்சு சார், மாத்தணும்" என்று, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று, நாற்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டோடுதான் கோவை ஆவாரம்பாளையத்தில், பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சீட்டைப் படித்துவிட்டு, "வண்டிய எப்படிங்க கொண்டுவந்தீங்க?" என்றார்.

"ஓட்டிட்டுத்தான் வந்தேன்."

"ஈசிஎம் செத்திருந்தா இன்ஜின் எப்படிங்க ஓடும்?"

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

அவரிடமும் ஸ்கேனர் இருக்கிறது. ஆனால் அதைத் தொடவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்தார். அங்கேதான் ஸ்கேனரைச் செருகும், இரண்டு வரிசையில் பதினாறு துளைகள் உள்ள ஓபிடி சாக்கெட். வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் ஏற்பாட்டுக்குத்தான் ஓபிடி என்று பெயர். இதன் இரண்டாம் கட்டம் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. நம் நாட்டில் அது 2013 ஏப்ரலில் வந்தது. துளைகள் பதினாறு என்றாலும் எல்லாவற்றிலும் கம்பி இருக்காது. 16இல் பேட்டரி கரண்ட், 4இலும் 5இலும் எர்த், 6இலும் 14இலும் பேச்சு என்று அண்ணன் விரல் வைத்துக் காட்டினார். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி அந்த இரண்டுக்கும்தான் வருகிறது.

டெஸ்ட் லேம்பின் கிளிப்பை 4இல் கொடுத்து, முனையை 16இல் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அதாவது ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தானாம். மட்டமான சார்ஜரோ, உள்ளே விழுந்த ஒரு ரூபாய் நாணயமோ அதை எரித்துவிட்டால் ஸ்கேனருக்கு உயிரே வராது. காலையில்தான் ஒரு டாக்சிக்கு அப்படி ஃபியூஸ் மாற்றி அனுப்பியிருந்தார்.

ஐடிஐ முடித்துவிட்டு வேலை பழகும் பையன் லேம்பை வாங்கி 6க்குக் கொண்டுபோனான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க லேம்ப் வைக்காத தம்பி. அது பேச்சு போற கம்பி, பல்பு இழுக்கற கரண்ட் தாங்காது. மீட்டர எடு."

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தார்கள். இந்தக் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் 6க்கும் 14க்கும் நடுவில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் மீட்டரில் எண்ணே வரவில்லை. கம்பியே எட்டவில்லை என்று அர்த்தம்.

"இன்னும் கிட்ட பாருங்க" என்று டார்ச்சை என்னிடம் தந்தார். மற்ற துளைகளில் தகடுகள் ஒரே மட்டத்தில் தெரிந்தன. 6க்கு நேர் கீழே, 14இல் மட்டும் தகடு ஒரு அரிசி அளவு உள்ளே போயிருந்தது. மைலேஜ் பார்ப்பதற்காக மலிவான ப்ளூடூத் கருவி ஒன்றை நான் தினமும் செருகி எடுத்துக்கொண்டிருந்தேன். கோணலாகப் போன ஊசி தகட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சாக்கெட்டைக் கழற்றித் திருப்பி, தகட்டில் மடங்கியிருந்த பொடி நாக்கை ஊக்கு முனையால் நிமிர்த்திப் பின்னாலிருந்து அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். மீட்டரில் 60.2. பேட்டரியைக் கொடுத்து, சாவியை ஆனில் வைத்து ஸ்கேனரைச் செருகியதும் பழுதுக் குறியீடு வந்தது: பி0401. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆரில் ஓட்டம் போதவில்லை. அதில் கரி அடைத்திருந்தது, அவ்வளவுதான். கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்கேனரில் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது.

எல்லா வண்டியும் இப்படி ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. மழைத்தண்ணீர் புகுந்த ஒரு காரில் கனெக்டருக்குள் களிம்பு பூத்து, எந்த மாட்யூல் கம்பியை மறிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க ஒன்றரை நாள் ஆனதாம். கடைசியில் கூலி கேட்டபோது, "பார்ட் எதுவும் மாத்தலையே, எதுக்குக் காசு?" என்று கேட்டாராம் வண்டிக்காரர். இதைச் சொல்லும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வலித்தது. மாற்றாமல் சரிசெய்வதல்லவா இந்த வேலையின் உச்சம்?

ஸ்கேனர் இணையவில்லை, ஈசிஎம்மை மாற்றுங்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால், 16இல் கரண்டும் 4இல் எர்த்தும் பார்த்தீர்களா, 6க்கும் 14க்கும் எத்தனை ஓம் வந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போங்கள். பழுதைக் கண்டுபிடித்ததற்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.