காத்திருத்தலும் மருத்துவமே

'வயிற்றில் கட்டி' என்ற சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் நம் உள்ளம் கலங்குகிறது. கட்டியெல்லாம் புற்றுநோயே என்னும் அச்சம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் புற்றாகாத கட்டிகளும் பல உண்டு. அவற்றுள் அரிதான ஒன்றே லிம்பாஞ்சியோமா எனப்படும் நிணநீர்க் கட்டி.

திசுக்களிடையே கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணக்குழாய்கள். உணவின் கொழுப்பைக் குடலிலிருந்து ஏந்திச் செல்வனவும் இவையே. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் பால்போன்ற வெண்குழாய்களைக் கண்டு வியந்தார். கரு வளருங்கால் இக்குழாய்களிற் சில முறையாக இணையாமற் போவதுண்டு. அவற்றில் நீர் தேங்கிப் பைபையாய் வீங்குவதே இக்கட்டி. பெரும்பாலும் கழுத்திலும் அக்குளிலும் தோன்றும். வயிற்றில் தோன்றுவது 100-க்கு 5-க்கும் குறைவு. குழந்தைகளிடமே மிகுதி.

நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர், தம் நான்கு வயது மகளுக்கு இக்கட்டி இருப்பதறிந்து நம்மிடம் வந்தார். "கட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்கிறார்களே, சாமி! இது என்ன வைத்தியம்?" என்று குமுறினார். அவர் கேள்வி நியாயமானதே, விடையும் உண்டு.

இக்கட்டி சில வேளைகளில் குடலையும் அதன் இரத்தக் குழாய்களையும் தழுவிக்கொண்டிருக்கும். அகற்றும்போது குடலின் ஒரு பகுதியையும் வெட்ட நேரலாம். சிறிதளவு எஞ்சினாலும் மீண்டும் வளரக்கூடும். ஆகவே, சிறியதாய், தொல்லை தராததாய் இருப்பின் காலந்தோறும் ஸ்கேன் செய்து கவனிப்பதே அறிவுடைமை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லையாதலால் குழந்தைக்குத் தீங்கில்லை.

கட்டி வளர்ந்தாலோ, வலி, குடலடைப்பு, கிருமித்தொற்று, உட்கசிவு நேர்ந்தாலோ தாமதித்தல் ஆகாது. முழுமையாக அகற்றும் அறுவையே அப்போது முதன்மையான வழி. அதற்கு இயலாதபோது, ஊசியால் நீரை வடித்து, பைகளைச் சுருங்கச் செய்யும் மருந்தை உட்செலுத்துவர். வெறுமனே நீரை வடித்தால் அது மீண்டும் சுரந்துவிடும். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் தந்த சைரோலிமஸ் என்னும் மருந்தும் இன்று சிலருக்குப் பயன்படுகிறது. அது நோயெதிர்ப்பைக் குறைப்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். அறுவைக்குப் பின்னரும் கண்காணிப்புத் தொடர வேண்டும்.

இங்கே இருவகை ஆபத்து உண்டு. ஒன்று, பதறியடித்துத் தேவையற்ற அறுவையை நாடுதல். மற்றொன்று, 'புற்றில்லை' என்று கேட்டதும் ஸ்கேன் நாளை மறந்துவிடுதல். பெற்றோர் பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்தட்டும். குறித்த நாளில் தவறாது செல்லட்டும். பிள்ளைக்கு ஓயாத வாந்தி, காய்ச்சல், திடீர் வயிற்று வீக்கம் கண்டால் அன்றே மருத்துவமனையை நாடட்டும்.

அயலாருக்கும் ஒரு கடமை உண்டு. "இன்னுமா எடுக்கவில்லை?" என்று கேட்டு அக்குடும்பத்தின் துயிலைக் கெடுக்க வேண்டாம். ஸ்கேன் நாளன்று துணைக்கு ஒருவர் உடன் செல்லலாமே! அதுவே அன்பு.