கெடுத்தவரே செலவு தரட்டும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. "எங்க கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருந்துச்சு, தோல் கழிவு இறங்கினப்புறம் துணி துவைக்கக்கூட ஆகலை" என்று அவர் சொன்னபோது நாங்கள் வாயடைத்துப் போனோம்.

மீதிக் கதையைச் சிஸ்டர் குடிமையியல் வகுப்பில் சொன்னார். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம். இழப்பீடும், நீரையும் நிலத்தையும் சீர்ப்படுத்தும் செலவும் கெடுத்தவர் பொறுப்பு. குன்றத்தூர் அடங்கிய அன்றைய செங்கை மாவட்டத்தின் தோல் ஆலைகளையும் அத்தீர்ப்பு கட்டுப்படுத்தியது. ஆயினும் பாலாறு தெளியவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

"உலகைச் சூடாக்கும் புகைக்கும் இவ்விதி செல்லுமா, சிஸ்டர்?" என்று கேட்டோம். பனிமலை உருகி, ஏரி உடைந்து தம் ஊர் மூழ்கிவிடும் என அஞ்சிய பெரு நாட்டு உழவர் ஒருவர், 2015-இல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தாராம். 2025 மே மாதம் வழக்கு தள்ளுபடியாயிற்று; ஆனால் பெரும் புகை விடுவோர் பொறுப்பேற்க நேரலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றது.

எங்களுக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி; அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எங்கும் ஆலைகள். எங்கள் அப்பாக்களுக்கும் அக்காக்களுக்கும் சோறு போடுபவை அவை. ஆலை வேண்டாம் என்போமா? மாட்டோம், ஏரியும் வேண்டும் என்போம். எங்களில் இருவர் சட்டம் படிக்க முடிவே செய்துவிட்டோம்!