வாயில்லாப் புழு

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள், எங்கள் விஞ்ஞான ஆசிரியை கரும்பலகையில் சூரியனை வரைந்து, அதன் கீழே புல், மான், புலி என்று அம்புக்குறி போட்டார்கள். உயிர்கள் அனைத்துக்கும் உணவு கதிரவனால்தான் கிடைக்கிறது என்றார்கள்.

நான் எழுந்து, "மிஸ், வெளிச்சமே போகாத ஆழ்கடலில்?" என்று கேட்டேன்.

"மேலே செத்து விழுவதைத் தின்று கீழே உள்ளவை வாழும்."

"அங்கேயே சமைத்துக்கொள்ள முடியாதா, மிஸ்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார்கள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அதன்பின் ஓராண்டு காலம் நான் கை தூக்கவேயில்லை.

இவ்வாண்டு நூலகப் பாடவேளையில் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படம் என்னைப் பிடித்து நிறுத்தியது. வெள்ளை வெளேரென்ற குழாய்கள். நுனியில் செம்பருத்தி மொட்டுப் போலச் சிவப்பு. பூ என்றே நினைத்தேன். புழுவாம்!

1977-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பசிபிக் பெருங்கடலில் கலாபகஸ் தீவுகளின் பக்கம், 'ஆல்வின்' என்ற சிறு நீர்மூழ்கியில் மூவர் மூவராக ஏறக்குறைய 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். அவர்கள் தேடிப் போனது கடலடி வெடிப்புகளில் கசியும் வெந்நீர் ஊற்றை, உயிர்களை அல்ல. கும்மிருட்டு, குளிர், தலைமேல் மலைபோல் நீர். அங்கே விளக்கைப் போட்டால் சிப்பிகளும் நண்டுகளும் கூட்டங்கூட்டமாய்! ஓரிடத்துக்கு 'ஏதேன் தோட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். கப்பலில் உயிரியல் அறிஞர் ஒருவர்கூட இல்லை. பிடித்தவற்றைப் பதப்படுத்தப் போதிய மருந்தும் இல்லாமல், ருஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்களாம். (சிஸ்டர் இந்த வரியை அடிக்காமல் விட வேண்டும்!)

ஆளுயரத்துக்கு மேலும் வளரும் அந்தக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. பின் எப்படிப் பிழைக்கிறது? 1980-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி ஒரு விரிவுரை நடந்தது. புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாகப் பேச்சாளர் சொன்னதும், காலீன் கேவனா என்ற மாணவி எழுந்து நின்றார். உள்ளே பாக்டீரியாக்கள் குடியிருந்து, ஊற்றிலிருந்து வரும் கந்தகச் சேர்மத்தைக் கொண்டு உணவு தயாரிக்க வேண்டும் என்றார். பேச்சாளர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. காலீன் விடாமல் ஆராய்ந்து, 1981-ல் சான்றுகளோடு கட்டுரை வெளியிட்டார்.

இடைவேளையில் புத்தகத்தோடு மிஸ்ஸிடம் ஓடினேன். நின்றபடியே முழுவதையும் படித்தார்கள். "அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது" என்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அழுது முடிப்பதற்குள், "சரி, அந்தப் பாக்டீரியாவுக்குப் பிராணவாயுவும் வேண்டுமே. அது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்!

இரண்டு இரவு யோசித்தேன். கடல்நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை உண்டாக்கியவை மேலே வெயிலில் வாழும் தாவரங்கள்தாமே? அப்படியென்றால் அந்த இருட்டிலும் சூரியனுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. மிஸ் வரைந்த சூரியனை முழுவதும் அழித்துவிட முடியாது.

திங்கட்கிழமை விஞ்ஞான வகுப்பில் கை தூக்கினேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் உட்காரவில்லை.